தலைவர் என்னைக் காப்பாற்றியதாகச் சொல்லப்படுவது குறித்து

என் பெயர், தகப்பனார் பெயர், முகவரி ஆகியவை தனியே எழுதி வாங்கப்பட்டுள்ளன. வயது நாற்பத்தாறு. கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி கட்டுவது தொழில். எல்லோரும் மைக்செட் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் எந்தக் கட்சியிலும் இல்லை, யார் அழைத்தாலும் போவேன்.

கடந்த ஞாயிறு மாலை, பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள திடலில் கட்சித் தலைவரின் பொதுக்கூட்டத்துக்கு நான்தான் ஒலிபெருக்கி கட்டினேன். மேடையின் இடப்பக்கம், தடுப்புக்கு அப்பால், ஒரு டயர் கடை இருக்கிறது. கூட்டம் நடந்தபோதும் அது திறந்திருந்தது.

பேச்சை முடிக்கும் நேரத்தில் சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டைக் கழற்றிவிட்டு, "துணிச்சல் இருந்தா இந்த நெஞ்சுல சுடுங்கடா, குண்டு வளைஞ்சு போயிடும்!" என்று சவால் விடுவது தலைவரின் வழக்கம். அந்த இடத்தில் சத்தத்தைக் கூட்டச் சொல்லி அவருடைய உதவியாளர் முன்பே கேட்டிருந்ததால் அன்றும் கூட்டினேன். தலைவர் மைக் ஸ்டாண்டை ஓங்கித் தட்டியதில் அது கழன்று ஆடியது. அதன் பிறகு நான் மேடையேறி, அவர் பக்கத்தில் குனிந்து திருகாணியை முடுக்கினேன். என் முகம் டயர் கடையைப் பார்த்திருந்தது.

அப்போது கடைக்காரர் காற்றடித்துக்கொண்டிருந்த லாரி டயர் வெடித்தது. அவர் பின்னால் போய் விழுந்ததைக் கண்ணால் கண்டேன். வெடித்தது டயர் என்று தெரிந்ததால் எனக்குப் பயம் வரவில்லை. அதன் பிறகு யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி முன்னால் நிறுத்தினார்கள். திரும்பிப் பார்த்தால் தலைவர். என் முதுகோடு ஒட்டிக்கொண்டு, காதருகே, "அசையாதே, அப்படியே இரு, அசையாதே" என்றார். அவருடைய நெஞ்சு துடித்தது என் முதுகில் தெரிந்தது. நான் திமிறியதில் காலில் வயர் சுற்றி இருவரும் விழுந்தோம். நான் கீழே, அவர் மேலே. என் வலது மணிக்கட்டு உடைந்தது.

அதன் பிறகு மருத்துவமனையில் கட்டுப் போட்டார்கள். என் மனைவி போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். நாங்கள் விழுந்த பிறகு யாரோ எடுத்தது. அதில் தலைவர் இரண்டு கையாலும் என்னை மூடிக்கொண்டு படுத்திருக்கிறார். அதைப் பார்த்துப் பார்த்து என் மனைவி அழுதாள். நான் நடந்ததைச் சொன்னேன். "அசையாதேன்னு சொன்னாருன்னு நீங்கதானே சொல்றீங்க? உங்க உயிர் மேல அக்கறை இல்லாதவர் ஏன் சொல்லப்போறார்?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை டயர் கடைக்காரரின் மனைவி வந்தார். அவருடைய கணவர் நாட்டு வெடிகுண்டு வீசினார் என்று போலீஸ் பிடித்துப் போய்விட்டதாகச் சொன்னார். "அண்ணே, வெடிச்சது டயருதானே? பாத்தவரு நீங்க ஒருத்தர்தான், சொல்லிடுங்கண்ணே" என்றார். நான் பேசுவதற்குள் என் மனைவி அவரை வெளியே அனுப்பிவிட்டாள்.

அன்று மதியம் தலைவர் வந்தார். கூட வந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினார். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, வலிக்கிறதா என்று கேட்டார். பிறகு, "வீடியோவுல நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லப்பா. நிஜமாவே உன்மேல பாஞ்சேனா?" என்றார்.

"இல்லைங்கய்யா, என்னைப் பிடிச்சு முன்னாடி நிறுத்தினீங்க" என்றேன்.

அவர் தரையைப் பார்த்தபடி, "அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்" என்றார். எனக்குப் பாவமாகிவிட்டது. தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டேன். வாங்கிக் குடித்ததில் பாதித் தண்ணீர் அவர் மடியில் சிந்தியது.

அதன் பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். கேமராக்காரர்கள் உள்ளே வந்ததும், "என் உயிரே போனாலும் என் தம்பி மேல ஒரு கீறல் விழ விடமாட்டேன்!" என்று முழங்கினார். கட்டுப் போட்ட என் கையைத் தூக்கிக் காட்டினார். உயிர் போகிற வலி. ஆனாலும் நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. அவருடைய குரலைக் கேட்டபோது, ஒருவேளை எனக்குத்தான் மனதில் மாறிப் பதிந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

தலைவர் என்னைப் பாதுகாக்க நினைத்தாரா, என்னை மறைப்பாக வைத்துக்கொண்டாரா என்று காவல் ஆய்வாளர் கேட்கிறார். அவர் மனதில் இருந்தது எனக்குத் தெரியாது. குண்டு என்று நானும் நம்பியிருந்தால், அவரைப் பிடித்து என் முன்னால் நிறுத்தியிருப்பேனோ என்னவோ, அதுவும் தெரியாது. ஆனால் நின்ற இடம் தெரியும். நான் முன்னால், அவர் பின்னால். வெடித்தது டயர். யாரும் எதையும் வீசவில்லை. கடைக்காரர் மீது எந்தக் குற்றமும் இல்லை.

"தலைவர் காப்பாற்றினார்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாமா, உனக்கும் நல்லது என்று ஆய்வாளர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இதைச் சொல்லவில்லை. என் மனைவி வெளியே பெஞ்சில் காத்திருக்கிறாள். நான் என்ன சொன்னேன் என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

(வலது கையில் கட்டு இருப்பதால் கையொப்பத்துக்குப் பதில் இடது பெருவிரல் ரேகை)