கும்பிடு போட்ட முத்திரை

குரமோச்சி: போதும் நாகுமோ-சான். அந்தக் கார்டைத் தூக்கிப் போடுங்க.

நாகுமோ: எதை, சேர்மன் ஐயா? கோச்சி ஊர்க்காரர் எழுதினதா?

குரமோச்சி: அந்த மாமியார் கதையைத்தான். நம்ம கம்பெனி வரலாற்றுப் புத்தகத்துல அவன் மாமியாருக்கு என்ன வேலை?

நாகுமோ: வண்டி வாங்கினவர் எழுதினது ஐயா. முழுசாக் கேளுங்களேன். “வளைவில் திரும்பினேன். வண்டியின் பின்பக்கம் எனக்கு முன்னால் வீடு போய்ச் சேரப் பார்த்தது. பின்சீட்டில் இருந்த மாமியார், இனி எங்கள் வீட்டுப் பக்கமே வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். அந்த வகையில் குரமோச்சி மோட்டாருக்கு என் நன்றி.”

குரமோச்சி: நக்கல் பண்றான்.

நாகுமோ: நக்கல் பண்ணினாலும் மூணு செகிரெய் கார் வாங்கியிருக்காரே.

குரமோச்சி: மூணா?

நாகுமோ: ஒண்ணு போனா இன்னொண்ணுன்னு. கடைசி வண்டிக்குத் தரை துருப்பிடிச்சு உதிர்ந்துபோச்சாம். இப்போ அதுக்குள்ள கோழி வளக்கிறாராம்.

குரமோச்சி: ...கோழியை விட்டுட்டு மத்ததைச் சேத்துக்கோங்க.

நாகுமோ: சரிங்க ஐயா. அடுத்தது மொரியோக்காவிலேர்ந்து. ஒரு மருத்துவச்சி. “ஒன்பது குளிர்காலம் இந்த வண்டியில்தான் பிரசவம் பார்க்கப் போனேன். ஒருநாளும் வழியில் நின்றதில்லை. ஓட்டுநர் பக்கத்துக் கதவை மட்டும் காலால் உதைத்தால்தான் திறக்கும்.”

குரமோச்சி: கடைசி வரியை வெட்டுங்க.

நாகுமோ: அந்த வரிதான் ஐயா அவங்க உயிரோட இருக்கிற மாதிரி...

குரமோச்சி: வெட்டுங்கன்னேன். எழுபது வருஷம் இருந்த கம்பெனி. வர்ற மார்ச்சோட எங்க பேரே வண்டி மேல இருக்காது. கம்பெனியை வாங்கினவங்க எங்க பேரை எடுத்துட்டு அவங்க பேரை ஒட்டப்போறாங்க. மிஞ்சப்போறது இந்த ஒரு புத்தகம். இதுலயும் கதவை உதைச்சாங்கன்னா போடணும்?

நாகுமோ: ...வெட்டிட்டேன்.

குரமோச்சி: மொத அதிகாரத்துல என் மாமனார், யுத்தத்துல மிஞ்சின விமான அலுமினியத்துல மூணு சக்கர வண்டி செஞ்சார்னு எழுதியிருக்கீங்க. “மிஞ்சின” வேணாம். “அரசு கொடுத்த”ன்னு மாத்துங்க.

நாகுமோ: பெரியவர் டைரியில “மூட்டை கட்டித் தூக்கிட்டு வந்தோம்”னு அவரே...

குரமோச்சி: அவர் டைரி அவருக்கு. புத்தகம் ஊருக்கு.

நாகுமோ: மாத்திடறேன். ஐயா... நாலாவது அதிகாரம்.

குரமோச்சி: அதுக்கு முத்திரை குத்த மாட்டேன்னு போன வாட்டியே சொல்லிட்டேன்.

நாகுமோ: மத்த பதினோரு அதிகாரத்துக்கும் குத்திட்டீங்க. குரமோச்சி குடும்பத் தலைவரான உங்க முத்திரை இல்லாம ஒரு பக்கமும் அச்சுக்குப் போகக்கூடாதுன்னு ஒப்பந்தம். இது ஒண்ணுதான் பாக்கி. ஒரே ஒரு பக்கம்.

குரமோச்சி: அவானோ பக்கம்.

நாகுமோ: ஆமாங்க ஐயா.

குரமோச்சி: குடிச்சிட்டு வண்டியோட மலையிலேர்ந்து விழுந்தவனுக்கு எங்க புத்தகத்துல ஒரு பக்கமா?

நாகுமோ: பன்னெண்டு வருஷம் நம்ம வண்டிகளைச் சோதிச்சு ஓட்டினவர். செகிரெய் விக்கிற நிலைக்கு வந்ததே அவராலதான்னு பழைய ஆளுங்க...

குரமோச்சி: பழைய ஆளுங்க! எவன்? பென்ஷன் வாங்கிட்டு மரத்தடியில கோ பலகையில காய் வச்சு ஆடறவனுங்களா? அவனுங்க ஆயிரம் சொல்லுவானுங்க.

நாகுமோ: அவங்க ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. அவானோ-சான் குடிக்க மாட்டார்னு.

குரமோச்சி: அப்படியா? நான் போய்ப் பாத்தவன். அவன் விழுந்த நிரே கணவாய்க்கு முதல்ல போய்ச் சேர்ந்தது நான். பனியில கிடந்தான். பத்தடி தள்ளியே சாக்கே சாராய நாத்தம். கம்பெனி டாக்டர் எழுதிக் கொடுத்தார், போலீஸ் ஒத்துக்கிட்டாங்க. இதுக்கு மேல என்ன வேணும்?

நாகுமோ: இன்னொரு கார்டு இருக்கு. படிக்கட்டுமா?

குரமோச்சி: இதோட தொடர்புள்ளதா?

நாகுமோ: நீங்களே சொல்லுங்க. மட்சுமோட்டோவிலேர்ந்து. ஒரு பள்ளிக்கூட வாத்தியார். “ஈரச் சாலை. வேகம் அறுபதுகூட இல்லை. வளைவில் பின்சக்கரங்கள் தம் போக்கில் போய்விட்டன. என் தம்பிக்கு வலது கால் போயிற்று. ஓட்டியவர் தவறு என்று பதில் வந்தது. ஓட்டியது நான். இருபது ஆண்டு ஓட்டியவன். என் தவறு என்ன என்று மட்டும் எழுதுங்கள்.”

குரமோச்சி: அந்தக் கார்டையும் தள்ளி வைங்க.

நாகுமோ: இந்த மாதிரி முன்னூத்திப் பன்னெண்டு கார்டு ஐயா. வாலாட்டிக் குருவிக்கு நாம செகிரெய்னு சொல்றோம். அந்தப் பேரையே வண்டிக்கு வச்சோம். வளைவுல வாலை ஆட்டுதுன்னு ஊரே சிரிச்சுது. சிரிச்சவங்க பாதி, விழுந்தவங்க பாதி.

குரமோச்சி: எழுபத்திமூணுல சரி பண்ணிட்டோம்.

நாகுமோ: அவானோ-சான் செத்தது எழுபத்தொண்ணு.

குரமோச்சி: எழுபத்தொண்ணுல அந்த வண்டியில கோளாறுன்னு எங்களுக்கு யார் சொன்னா? சொல்ல வேண்டியவன் அவன். சோதனை பண்ணினவன் அவன். அவன் என்ன எழுதினான்? அந்த ஃபைலைக் குடுங்க... இதோ. எழுபது டிசம்பர் இருபது. “செகிரெய். ஈரச் சாலை, அறுபது கிலோமீட்டர், பின் அச்சுச் சோதனை. கோளாறு இல்லை.” கீழ கையெழுத்து இடத்துல யார் முத்திரை? படிங்க, சத்தமாப் படிங்க.

நாகுமோ: அவானோ.

குரமோச்சி: அவனே நல்லாருக்குன்னு முத்திரை குத்தியிருக்கான். ரெண்டு வாரத்துல அதே வண்டியில செத்தான். அப்போ கோளாறு வண்டியிலயா, ஆள்லயா? சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும்.

நாகுமோ: எனக்கும் மொதல்ல அப்படித்தான் புரிஞ்சுது ஐயா.

குரமோச்சி: அப்புறம் என்ன?

நாகுமோ: அந்த முத்திரையை இன்னொரு வாட்டி பாருங்களேன். கண்ணாடி போட்டு.

குரமோச்சி: எனக்குக் கண் நல்லாத்தான் தெரியுது. அவானோன்னு இருக்கு.

நாகுமோ: எப்படி இருக்கு?

குரமோச்சி: எப்படின்னா? வட்டமா, சிவப்பா...

நாகுமோ: இடது பக்கம் சாய்ஞ்சிருக்கு.

குரமோச்சி: முத்திரைன்னா சாய்ச்சுத்தான் குத்துவாங்க. மேலதிகாரி முத்திரை இடது பக்கம் இருக்கும். அதைப் பாத்து நம்ம முத்திரை கொஞ்சம் தலை குனியணும். அதுதான் மரியாதை. ஆபீஸ்ல மொத நாளே சொல்லிக் குடுக்கிறது. உங்களுக்குச் சொல்லிக் குடுக்கலையா?

நாகுமோ: குடுத்தாங்க. ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க.

குரமோச்சி: அப்புறம்?

நாகுமோ: அவானோ-சான் ஆபீஸ்ல இல்லையே ஐயா. பட்டறை ஆள். அவரோட பழைய சோதனை அறிக்கை நாப்பத்தோரு தாள் கெடைச்சுது. இதோ. எல்லாத்துலயும் முத்திரை நட்டுக்குத்தலா நிக்குது. மூணு தாள்ல தலைகீழா. இதுல பாருங்க, கட்டைவிரல் கிரீஸோட. இந்த மனுஷன் ஒரு தாள்லயும் யாருக்கும் கும்பிடு போட்டதில்ல. இந்த ஒரே ஒரு தாள்லதான் போட்டிருக்கார். கிரீஸும் இல்ல.

குரமோச்சி: கை கழுவிட்டு வந்திருப்பான்.

நாகுமோ: ஐயா...

குரமோச்சி: எவனாவது குமாஸ்தா அவன் சார்பா குத்தியிருப்பான். அப்பல்லாம் வழக்கம்தான். பட்டறை ஆளுங்க முத்திரை என்ன தந்தத்துலயா இருக்கும்? கடையில விக்கிற மூணு காசு முத்திரை. அலமாரியில பூட்டுகூட இல்லாமக் கிடக்கும். எவன் வேணும்னாலும்...

நாகுமோ: அலமாரியில கிடந்ததுன்னு நான் சொல்லலையே.

குரமோச்சி: ...எல்லாருக்கும் தெரிஞ்சதுதான் அது.

நாகுமோ: இந்தச் சாய்வு எவ்வளவுன்னு அளந்து பாத்தேன். அந்த வருஷத்து ஃபைல் எல்லாத்தையும் புரட்டினேன். கணக்குப்பிள்ளை லேசாச் சாய்ப்பார். கொள்முதல் மேனேஜர் இன்னும் கொஞ்சம். இவ்வளவு குனிஞ்சு குத்தறவர் மொத்தக் கம்பெனியிலயும் ஒருத்தர்தான்.

குரமோச்சி: பேசறதைப் பாத்துப் பேசுங்க.

நாகுமோ: பாத்துத்தான் ஐயா பேசறேன். “மாப்பிள்ளை முத்திரை தரையைத் தொடுது”ன்னு பெரியவர் எல்லார் முன்னாடியும் சொல்லிச் சிரிப்பாராமே.

குரமோச்சி: யார் சொன்னது?

நாகுமோ: கோ பலகை ஆடறவங்க.

குரமோச்சி: ...சிரிப்பார். ஆமா, சிரிப்பார். எதுக்குச் சிரிக்க மாட்டார்? இருபத்தஞ்சு வயசுல என் அப்பன் பேரைக் கழட்டி வச்சிட்டு குரமோச்சிங்கிற பேரை மாட்டிக்கிட்டு அந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சவன் நான். வீட்டோட மாப்பிள்ளை. பெத்த புள்ளைன்னா வீட்டுப் பேரை விளையாட்டா வச்சுக்கலாம். வாங்கிக்கிட்டவன் வச்சுக்க முடியுமா? கம்பெனி விழுந்தா யாரைச் சொல்லுவாங்க? ரத்தம் சரியில்லைன்னு சொல்லுவாங்க.

நாகுமோ: ஐயா, தண்ணி குடிங்க.

குரமோச்சி: வேணாம். மூவாயிரம் பேர் அந்தப் பட்டறையில சோறு தின்னாங்க. செகிரெய்யை நிறுத்தியிருந்தா அந்த வசந்தத்துலயே கதவைச் சாத்தியிருப்போம். மாமனார் ஆஸ்பத்திரியில. உங்க அப்பா எங்க வேலை பாத்தார்?

நாகுமோ: வார்ப்புப் பட்டறையில.

குரமோச்சி: எங்க வார்ப்புப் பட்டறையிலதானே? அப்போ நீங்க தின்ன சோறும் அதுதான்.

நாகுமோ: ஆமாங்க ஐயா. அதை நான் மறக்கல. அதனாலதான் வேற யாரையும் அனுப்பாம நானே வந்தேன்.

குரமோச்சி: ...அவன் அறிக்கை எழுதத்தான் செஞ்சான். “விற்கக் கூடாது”ன்னு. நான் திருப்பி அனுப்பினேன். மறுபடி ஓட்டிப் பாருன்னேன். ஜனவரி நாலு, வருஷத்து மொத வேலை நாள். ஓட்டிப் பாக்கப் போனான்.

நாகுமோ: அந்தத் தாள் எங்க?

குரமோச்சி: அடுப்புல. போதுமா? அவன் செத்த மறுநாள் இந்தத் தாள் உண்டாச்சு. பழைய தேதியைப் போட்டுக் குத்தினேன். செத்தவன் முத்திரைக்கும் மரியாதை சொல்லிக் குடுத்திருக்கு என் கை... கை பழக்கம். ஆனா கேட்டுக்கோங்க, இது இந்த அறைக்குள்ள. உங்க பக்கத்துக்கு என் முத்திரை கிடையாது. நான் செத்தாலும் கிடையாது. குரமோச்சி பேர் கடைசியா அச்சாகிற புத்தகத்துல அது கறையோட அச்சாகாது.

நாகுமோ: முத்திரை வேணாங்க ஐயா.

குரமோச்சி: என்னது?

நாகுமோ: நான் ஒரு பொய் சொல்லிட்டேன். கம்பெனி என்னை அனுப்பல. நாலாவது அதிகாரத்துலேர்ந்து அந்தப் பக்கத்தைப் போன வாரமே புது நிர்வாகம் தூக்கிட்டாங்க. புத்தகம் அச்சுல ஓடிக்கிட்டிருக்கு. அவானோ பேர் எங்கயும் இல்ல. நான் இன்னைக்கு லீவு.

குரமோச்சி: அப்போ இவ்வளவு நேரம் எதுக்கு... கார்டு, கோழி, மருத்துவச்சி...

நாகுமோ: உங்களைப் பேச வைக்கத்தான். மன்னிச்சிடுங்க.

குரமோச்சி: யாருக்காக? பேப்பர்க்காரனுக்கா?

நாகுமோ: கிகுயோ அம்மாவுக்கு. அவானோ-சான் சம்சாரம். கீழ என் வண்டியில உக்காந்திருக்காங்க.

குரமோச்சி: ...இங்கயா? இந்த வாசல்லயா?

நாகுமோ: போட்டோ போட அனுமதி கேக்கப் போனப்போதான் பாத்தேன். ஸ்டேஷன் பக்கம் சாப்பாட்டு டப்பா விக்கிற கடையில இன்னும் வேலை பாக்கறாங்க. குடிகாரன் பொண்டாட்டின்னு பேர் வந்தும் ஊரை விட்டுப் போகல.

குரமோச்சி: என்ன வேணுமாம்? மன்னிப்பா? பேரா?

நாகுமோ: புத்தகமே வேணாம்னுட்டாங்க. உங்ககிட்ட ஒரு கேள்வி கேக்கணுமாம். பதில் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தானாம்.

குரமோச்சி: என்ன கேள்வி?

நாகுமோ: அன்னைக்குக் காலைல அவர் கிளம்பறப்போ, வருஷப்பிறப்புக்கு மருந்து போட்டு ஊறவச்ச சாக்கே அடியில கொஞ்சம் மிச்சம் இருந்துச்சாம். வேலைக்குப் போறப்போ வேணாம்னாராம் அவர். வருஷம் நல்லாருக்கணும், ஒரு வாய்னு இவங்கதான் வற்புறுத்தி... ஒரு கிண்ணம். அந்த ஒரு கிண்ணம்தான் அவரைக் கொன்னுச்சான்னு கேக்கணுமாம். நாப்பத்தெட்டு வருஷமா அவங்க வீட்டுல வருஷப்பிறப்பே கிடையாது ஐயா. புருஷனைக் கொன்ன கைன்னு தன் கையைத் தானே...

குரமோச்சி: இருங்க. ஒரு கிண்ணமா?

நாகுமோ: இத்தனூண்டு. குழந்தைக்குக்கூட ஏறாது.

குரமோச்சி: எனக்கு... அது தெரியாது. நாகுமோ-சான், அது எனக்குத் தெரியவே தெரியாது.

நாகுமோ: நான் போய் என்ன சொல்லட்டும் ஐயா?

குரமோச்சி: நீங்க சொல்ல வேணாம். என்னைக் கொஞ்சம் எழுப்பி விடுங்க... அவங்க ஊத்தினது அந்த நாத்தம் நாறாது. நான் போனப்போ அவன்கிட்ட எந்த வாசனையும் இல்ல, பனி வாசனைதான். செத்துக் கிடந்தவன் வாயிலயும் சட்டையிலயும் ஒரு முழு பாட்டில் சாக்கேயை ஊத்தினது நான்.