எங்களை உட்காரவிடாத சிஸ்டர் அரபாவுக்கு

கானாவின் தக்கோராடி துறைமுகக் கோகோ கிடங்கின் தாயே! ஊசி முனையில் கனிவும் பேச்சு முனையில் ஊசியும் வைத்திருக்கும் செவிலியர் திலகமே! அன்னை அரபா குவான்சா அவர்களே! பணி நிறைவு பெறும் தங்களை வாழ்த்தக் கூடியிருக்கிறோம். வாழ்த்துமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்: வந்த நாள் முதலே தங்களை நாங்கள் நம்பவில்லை.

காசு வாங்காமல் இரத்தம் சோதிப்பவரை எப்படி நம்புவது? இடுப்பைச் சுற்றி அளவுநாடா பிடித்தீர்கள். பெருத்தவனை வீட்டுக்கு அனுப்பத்தான் அளக்கிறார்கள் என்றோம்.

மூட்டை சுமந்து தோள் காய்த்து, எடைமேடை மேற்பார்வையாளராகி, நாற்காலி கண்டவர் எங்கள் கோபினா எஸல். ஒருவர் எழுந்த நாற்காலியில் இன்னொருவர் அமர்ந்துவிட்டால் எழுப்பிக் கேட்பது இங்கே வழக்கமில்லை. வேலையும் மெல்ல அமர்ந்தவர் பக்கம் போய்விடும். ஆகவே காலையில் அமர்ந்த கோபினா மாலையில்தான் எழுவார். கென்கி என்னும் சோளமாவு உருண்டையும் பொரித்த மீனும் கைக்கே வரும். சர்க்கரை ஏறிக் கண் மங்கி, எடைமுள் கலங்கலாகத் தெரிந்தபோதும் அசையவில்லை. எடை ஒருமுறை பிசகினால் வேலை போய்விடும் என்பது அவருக்கும் தெரியும்.

"அரை மணிக்கு ஒருதரம் எந்திரிச்சு நடங்கண்ணே" என்றீர்கள்.

"ஆயுசுக்கும் சேத்து சுமந்துட்டேன் சிஸ்டர்."

"அதெல்லாம் அப்பவே செலவாயிருச்சு. இன்னிக்குத் தின்னதை இன்னிக்குக் காலுதான் கரைக்கணும். உக்காந்தே கெடந்தா சர்க்கரை ரத்தத்துலயே தேங்கும்."

"நான் எந்திரிச்சா எவன் உக்காருவான்னு தெரியாதா? யாரு அனுப்புனா உங்கள?"

"சரி, நானே காவலுக்கு உக்காந்துக்கிறேன். போயிட்டு வாங்க."

அமர்ந்தும் விட்டீர்கள்! "யோவ் கோபினா, அம்மா நாற்காலிக்கே அடிபோடுது!" என்று நாங்கள் கூவினோம். பதறிய கோபினா, மூட்டை அடுக்கைச் சுற்றி ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார். அன்று அவர் கால்களை விரட்டியது தங்கள் அறிவுரையல்ல, தங்கள் மேலிருந்த சந்தேகமே! தாங்களும் அதைத் தீர்த்து வைக்கவில்லை; தினமும் வந்து அமர்ந்தீர்கள்.

மாத்திரையும் நடையும் சேர்ந்து சர்க்கரையை இறக்கின. முள் தெளிவாகத் தெரிந்தது. வேலை நிலைத்தது. அவரைப் பார்த்து நாங்களும், யாரும் பார்க்காத நேரத்தில், எழுந்து நடந்தோம்.

இதிலெல்லாம் தங்களுக்கு என்ன ஆதாயம் என்று இன்னமும் துருவிக்கொண்டிருக்கிறோம், ஒன்றும் அகப்படவில்லை.

நோயின்றி நெடுநாள் வாழ்க! ஊருக்குப் போனதும் பெற்ற பிள்ளைகள், "ஒழைச்சது போதும், உக்காரும்மா" என்பார்கள். பாசத்தோடுதான் சொல்வார்கள். நம்பிவிடாதீர்கள்.

அன்புடன்,
கோகோ கிடங்குத் தொழிலாளர் அனைவரும்,
தக்கோராடி.