ரெண்டு ஆள் அகலம்

இல்ல தலைவரம்மா, பள்ளத்துல நடக்கப் பலகையப் போட்டது நான்தான். இல்லேன்னு சொல்லவே இல்லையே. அந்தப் போட்டோவத் தூக்கித் தூக்கிக் காட்டாதீங்க, அதுல தெரியற கால் என்னோடதுதான். மஞ்ச ரப்பர் பூட்ஸ் போடுற பிளம்பர் இந்த ஊர்ல ரோக்கோ ஒருத்தன்தானே?

ஏன் உங்க குளப் பாதுகாப்புக் கமிட்டிகிட்ட அனுமதி வாங்காமப் போட்டேன்னா... அதுக்கு முதல்லேருந்து வரணும். உங்க பக்கத்துல அய்யா கடிகாரத்தப் பாக்குறாரு. சுருக்கமாவே சொல்றேன் சார். போன ஜனவரில உங்க வீட்டு பாய்லர் நின்னப்போ நான் கடிகாரத்தப் பாத்தனா? சரி சரி, அத இங்க பேசக் கூடாது. எழுதிருந்தா அடிச்சிடுங்க.

என் வீட்டுப் பின்பக்கமும் ஒடெட் வீட்டுப் பின்பக்கமும் எதிரெதிரா இருக்கு. நடுவுல மரக் கூட்டம், அதுக்குள்ள ஒரு பள்ளம். பனி உருகுனா தண்ணி நிக்கும். ஜூலை முடியறதுக்குள்ள வத்திடும். நான் ஆயுசு பூரா கசிவ அடைச்சே சோறு தின்னவன். என் வீட்டுப் பின்னாடியே தண்ணி வந்து உக்காந்துக்கிட்டு என்னைக் கேலி பண்ணும். அதுக்குக் குளம்னு பேராம்!

அந்தப் பள்ளத்து ஓரமா என் படகு நிறுத்த ஒரு கொட்டகை கேட்டு இதே ரூமுக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கா? ஆகஸ்ட் மாசமாப் பாத்து வந்தேன். பள்ளம் பூரா காஞ்ச இலை. அத போட்டோ புடிச்சிட்டு வந்து, இதக் குளம்னு சொல்றவங்க யாரா இருந்தாலும் இறங்கிக் குளிச்சுக் காட்டட்டும்னு சொன்னேன். நீங்ககூட சிரிச்சீங்க. அப்பத்தான் பின்வரிசைலேருந்து ஒரு கை எந்திரிச்சுது.

ஒடெட். ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவ. ஒரு பஸ் நிறையப் பிள்ளைங்கள கண்ணாடில ஒரே ஒரு பார்வை பாத்து உக்கார வச்சவ. அவ கையிலயும் போட்டோ. ஏப்ரல்ல எடுத்தது. தவளை முட்டை, பக்கத்துல ஸ்கேலு. மல்லாக்க நீந்துற பொடி இறாலு. அப்புறம் அந்த மஞ்சப் புள்ளி போட்ட பல்லி... தப்பு தப்பு, பல்லி இல்ல, சாலமாண்டர், தவளைக்குச் சொந்தம். பல்லின்னா அவளுக்குக் கோவம் வந்துடும்.

அவ சொன்னா, வத்தாத குளத்துல மீன் இருக்கும், இதுங்க முட்டையத் தின்னுடும். இது வத்துறதாலதான் மீன் இல்ல, மீன் இல்லாததாலதான் இதுங்க இங்க வருது. வத்துற குளத்தப் பாத்து ஏன் வத்துறேன்னு கேக்கலாமான்னா. நீங்களும் சட்டத்தப் பொரட்டிப் பாத்துட்டு, காஞ்சு கெடந்தாலும் குளம் குளம்தான்னுட்டீங்க. என் கொட்டகை அன்னிக்கே செத்துது.

அப்புறம் கறி சுட ஒரு மேடை கேட்டேன். மறுபடி அதே கை. சர்ச்சுல பாட்டு நடுவுல அவ முடியச் சரி பண்ணக் கையத் தூக்குனாக்கூட எனக்குப் பக்குன்னு இருக்கும்.

பலகைக்கு வர்றேன் சார், வந்துட்டேன்.

ஒரு நாள் காலைல, ரோக்கோன்னு ஒரு சத்தம். போய்ப் பாத்தா, முட்டை எண்ண வந்தவ முழங்கால் அளவு சேத்துல சிக்கி நிக்கிறா. கால் மூட்டு வேற சரியில்ல அவளுக்கு. கையக் கொடுக்கலாம்னு நான் இறங்கினா, அங்க மிதிக்காதே, முட்டைங்கிறா. இந்தப் பக்கம் வந்தா இங்கயும் முட்டைங்கிறா. கடைசில கொக்கு மாதிரி ஒத்தக் கால்ல நின்னு இழுத்தேன். அவ வந்துட்டா. அவ பூட்ஸ் வரல. அது இன்னும் அங்கதான் இருக்கு. அத எடுக்கவும் அனுமதி வேணுமாம்.

அன்னிக்குப் பட்டாணி சூப் வச்சுக் கொடுத்தா. மறுநாள் நான் கறி உருண்டை கொண்டு போனேன். அப்படியே பழகிப் போச்சு. நான் ஸ்கேலப் புடிப்பேன், அவ எண்ணுவா. அந்தத் தவளைங்க வாத்து மாதிரி கத்தும், தெரியுமா உங்களுக்கு? என் மனைவி தவறிப் போனப்புறம் எங்க வீட்டுப் பக்கம் கேட்ட முதல் சத்தமே அதான்னு வச்சுக்கங்க.

ஆனா ரோடு வழியாப் போனா சர்ச்சு வரைக்கும் போய்ச் சுத்தணும். சூப் ஆறிடுது. வர்ற மாசம் அவளுக்கு மூட்டு ஆபரேஷன் வேற, கார் ஓட்டக் கூடாதாம். அதான் பள்ளத்துக்குக் குறுக்க ஒரே ஒரு பலகை போட்டேன். பெருமையா அது மேல நடந்து போய் அவ வீட்டு மேசைல உக்காந்தேன். சூப்ப ஊத்துனா. எந்த வழியா வந்தேன்னு கேட்டா, சொன்னேன். உடனே போன எடுத்தாளே! அந்தப் புகார் உங்களுக்கு வந்துச்சுல்ல, அது எனக்கு ரெண்டாவது கரண்டி ஊத்திக்கிட்டே சொன்னது. கோவமா? எனக்கா? சூப் நல்லாருந்துச்சும்மா.

இப்ப அந்த ஒத்தப் பலகைக்குப் பதிலா ஒரு பலகைப் பாதைக்கு முறைப்படி அனுமதி கேக்குறேன். குளத்துக்கு மேல போகல, ஓரமா வளைஞ்சு போகுது. மருந்து அடிக்காத மரம். கீழ சாலமாண்டர் போக இடம், பலகைக்கு நடுவுல வெயில் விழ இடம். இவ்வளவு சட்டம் எனக்கு எப்படித் தெரியும்னா, எதிர்க்கட்சி சொல்லிக் கொடுத்ததுதான்.

என்ன சார்? அகலத்தப் பாதியாக் குறைக்கணுமா? ஒரு ஆள் நடக்க அது போதும்தான். நியாயந்தான்.

கைப்புடி வேணும்னா எடுத்துடுறேன். வளைவ இன்னும் தள்ளிப் போடுறேன். அகலத்துல மட்டும் கை வைக்காதீங்க தலைவரம்மா. அது ரெண்டு ஆள் அகலம். கல்யாணம் முடிஞ்சு வர்றவங்க ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் வாத்து மாதிரியா வருவாங்க?

எந்தக் கல்யாணமா? நான் இன்னும் அவகிட்டக் கேக்கலம்மா. அனுமதி வாங்காம ஒரு வேலையையும் ஆரம்பிக்கக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவதான்.

ஏன் எல்லாரும் எனக்குப் பின்னாடி பாக்குறீங்க?

கையத் தூக்கிருக்காளா?

நான் திரும்பல. நீங்களே கேட்டுச் சொல்லுங்க... என்னது? ஏப்ரல்ல கூடாதா? முட்டை விடுற மாசமாம். கேட்டுச்சு, கேட்டுச்சு. வேலை ஏப்ரல்ல கூடாதா, கல்யாணம் ஏப்ரல்ல கூடாதா, எதுன்னு கேளுங்கம்மா.

ரெண்டுமா?

சரி, ஆகஸ்ட்ல வச்சுக்கலாம். எழுதிக்கங்க தலைவரம்மா.