பற்றிக்கொள்ளாத தண்ணீர்

தாம்பரத்திலிருந்து சிறுசேரி போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இருவரும் கேன்டீன் சீருடையில் இருந்தார்கள். இளையவள் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, இந்த வெள்ளிக்கிழமை எங்க கிணத்துத் தண்ணி பத்திக்கவே இல்ல."

"இன்னாடி சொல்ற, நெசமாவா?"

"சத்தியமா. பக்கத்து மிலிட்டரி டிப்போவுல பெட்ரோல் டேங்க் ஒழுகி ஊறின மண்ணத்தான் தோண்டி லாரியில ஏத்திட்டாங்களே. இப்போ செவுத்தோரமா பைப் எறக்கி, அடித்தண்ணிய உறிஞ்சி, எண்ணெயப் பிரிச்சிகினு கீறாங்க. எங்க மாமியார் எப்பவும்போல பூஜைய முடிச்சிட்டு, பத்திக்குதானு பாக்க, குண்டான்ல எடுத்த கிணத்துத் தண்ணியில கற்பூரத்தக் கொளுத்திப் போட்டாங்க. முன்னெல்லாம் குப்புனு புடிச்சிக்கும். இந்த வாட்டி கற்பூரம் மட்டும் மெதந்து எரிஞ்சி அணைஞ்சிடுச்சி. மாமியார் கன்னத்துல போட்டுக்கினாங்க."

"அப்போ குடிக்கலாமா?"

"ரிப்போர்ட் வர்ற வரைக்கும் வாயில வைக்கக் கூடாதாம். மோந்து வேணா பாருங்க."

பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாள். அக்கா மோந்தார். மூடியை மூடிவிட்டு, மறுபடி திறந்து மோந்தார். எதிர் இருக்கைக்காரர் கேட்டு வாங்கி மோந்தார். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் கைக்கும் பாட்டில் போனது. அவர் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக இழுத்துப் பார்த்தார்.

"ஒரு வாசனையும் இல்லையேம்மா."

"அதத்தாண்ணா காலையிலேருந்து எல்லாருக்கும் காட்டிகினு வரேன்."