கொக்கியில் தொங்கிய ஏப்ரன்

ஏப்ரனை ஈரத்தோடு மடித்து வைத்தால் மறுநாள் வாடை போகாது. நன்றாக உதறி, கறை பட்ட பக்கத்தை உள்ளே தள்ளி மடித்து, கடைசியில் கயிற்றைச் சுற்ற வேண்டும். இருபது வருஷமாகச் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஆட்டிறைச்சிக் கடை வைத்திருப்பவனுக்கு இது கைப்பழக்கம். என் வீட்டில் நீங்கள் எடுத்த இரண்டு ஏப்ரன்களையும் அப்படித்தான் மடித்திருந்தேன். அவற்றைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன்.

எங்கள் பின்சந்தில் ஒன்பது கடைகள். ஒன்பதுக்கும் பொதுவாக ஒரே கோல்ட் ரூம், இறைச்சியும் மீனும் உறைய வைக்கும் அறை. எங்களுக்குக் கடைகளை வாடகைக்கு விட்ட கட்டடக்காரருக்குச் சொந்தம். அதன் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். உள்ளேயிருந்து திறக்கும் பிடி உடைந்து வெகுநாளாயிற்று. பெட்டியை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவோம். பெட்டி நழுவினால் யாராவது வந்து திறக்கும்வரை கதவைத் தட்ட வேண்டியதுதான்.

அந்தப் பிடியைப் போட வைக்கத்தான் முத்துராமனை எங்கள் கடைக்காரர் சங்கத் தலைவராக்கினோம். மீன் கடைக்காரன், என்னைவிடப் பத்து வயது இளையவன், வாய் நிறைய 'அண்ணே' என்பான். அவனுக்காகக் கடை கடையாக ஏறி வாக்குக் கேட்டவன் நான். பிடி வராமல் தலைவர் நாற்காலியில் உட்காரமாட்டேன் என்று பேசினான். கை தட்டினோம்.

கட்டடக்காரரைப் பார்க்கப் போனான். அவரோடு உட்கார்ந்து தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய டீ, குடித்துவிட்டுத் திரும்பி வந்தான். பிடி ஆண்டுக் கடைசியில், மற்றப் பழுதுவேலைகளோடு சேர்ந்து வருமாம். அதுவரை உள்ளே ஒரு மணிப் பொத்தான்.

"அவரும் இறங்கி வந்தாருல்ல. நாமளும் கொஞ்சம் இறங்குவோம் லா," என்றான்.

பிறகு மாடியில் குடியிருப்பவர்கள் மணிச் சத்தம் தொல்லை என்று புகார் செய்தார்கள். அவர்களிடமும் போனான். கடைசியாகக் கடை சாத்துகிறவர் மணியின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும் என்று ஒப்புக்கொண்டு வந்தான். அதற்குப் பதிலாக எங்களுக்கு ஒரு விதி. உள்ளே போகிறவர் தம் ஏப்ரனைக் கதவுக்கு வெளியே ஒரு கொக்கியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். ஏப்ரன் தொங்கினால் ஆள் உள்ளே.

கூட்டத்தில் என் மனைவி கண்மணிதான் எழுந்தாள். "பிடி கேட்டு அனுப்புனோம், கொக்கி வாங்கிட்டு வந்திருக்கீங்க. அடுத்த தடவை என்ன தம்பி, ஆளுக்கு ஒரு ஸ்வெட்டரா?"

எல்லோரும் சிரித்தார்கள். முத்துராமனும் சிரித்தான். பிறகு கை தூக்கச் சொன்னான். கண்மணியின் கையைத் தவிர எல்லாக் கைகளும் உயர்ந்தன.

போன தீபாவளிக்கு முந்தின நாள், கடை சாத்தியதும் அவள் மார்சிலிங்கில் தன் அக்கா பூவம்மா வீட்டுக்குப் போய்த் தங்குவதாக இருந்தாள். ஏழு மணிக்கு நான் முன்பக்கம் கடைசி வாடிக்கையாளர்களை அனுப்பிக்கொண்டிருந்தேன். பின்வழியாகக் கிளம்பிவிட்டாள் என்று நினைத்தேன். பூவம்மாவோ, வேலை முடியாமல் என்னோடு நின்றுவிட்டாள் என்று நினைத்திருக்கிறாள். மறுநாள் காலை கோல்ட் ரூமைத் திறந்தபோது கண்மணி கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். வலது கட்டைவிரல் நகம் பெயர்ந்திருந்தது. அணைத்த மணியின் பொத்தானை அத்தனை நேரம் அழுத்தியிருக்கிறாள்.

விசாரணையில் விபத்து என்று முடித்தார்கள். கொக்கியில் ஏப்ரன் இல்லை, ஆகவே உள்ளே யாரும் இல்லை என்று கருதப்பட்டது என்று எழுதினார்கள். அண்ணி மாட்ட மறந்திருப்பாங்க என்றான் முத்துராமன். எட்டாம் நாள் புதுப் பிடி வந்துவிட்டது. ஆண்டுக் கடைசி வரை ஆகும் என்ற அதே பிடி. இரண்டே திருகாணி.

அடுத்த தேர்தலில் அவனை எதிர்த்து நின்றவர் கட்டடக்காரரின் மைத்துனர். நான் முத்துராமனுக்கே வாக்களித்தேன். வேறு யாருக்குப் போடுவது? ஒருவர் எதிராளி. இன்னொருவன் எதிராளியோடு தே தாரிக் குடிப்பவன். எங்கள் சந்துக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஜெயித்த பிறகு என் கடைக்கு வந்தான். கண்மணி பெயரில் வருஷா வருஷம் கோயிலில் அன்னதானம் செய்யக் கட்டடக்காரர் சம்மதித்துவிட்டாராம். அவர்மேல் நான் போட்ட வழக்கைத் திரும்பப் பெற வேண்டும், அவ்வளவுதான்.

"அண்ணி இருந்தா அவங்களே இதுக்கு ஒத்துக்குவாங்கண்ணே."

அவள் கை தூக்காதது அவனுக்கு ஞாபகமில்லை. நான் சரி என்றேன்.

பிடி வந்த பிறகும் ஏப்ரன் மாட்டும் பழக்கத்தை யாரும் விடவில்லை, மணியை அணைக்கும் பழக்கத்தையும்தான். இந்தத் தீபாவளிக்கு முந்தின நாள் மற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டார்கள். ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அந்த இரண்டு திருகாணிகளையும் கழற்றிப் பிடியை எடுத்துவிட்டேன். முத்துராமன் மிச்ச மீன் பெட்டியோடு வந்தான், ஏப்ரனைக் கொக்கியில் மாட்டினான், உள்ளே போனான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. மணி இரண்டு தடவை அடித்தது. கடைசியாகச் சாத்துகிறவன் நான், விதிப்படி சுவிட்சை அணைத்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் 'அண்ணே' என்று கேட்டது.

"ஆண்டுக் கடைசியில பிடி வந்துரும் தம்பி," என்றேன்.

அவன் ஏப்ரனை எடுத்து, உதறி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கேலாங்கில் என் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். வழியில் நல்ல கூட்டம்.

இன்னொரு ஏப்ரன் கண்மணியுடையது. அவள் மாட்ட மறக்கவில்லை. போன வருஷம் நான் மணியை அணைக்கப் போனபோது கொக்கியில்தான் தொங்கியது. எப்போதும்போல விட்டுவிட்டுப் போயிருக்கிறாள், துவைத்து வைப்போம் என்று எடுத்து மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அது ஒரு சின்ன விஷயம். முத்துராமன் அன்றைக்குப் பிடியை விட்டுக்கொடுக்காமல் இருந்திருந்தால் யார் எந்த ஏப்ரனை எடுத்தால் என்ன.

அவனை நான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கண்மணியைக் கொன்றது அவன்தான், அதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.