புறா தின்ற சங்குப்பூ

மும்பை மாட்டுங்காவில் மின்சார ரயில் கிளம்பியதும், பெண்கள் பெட்டியில் என் எதிரே உட்கார்ந்திருந்தவள் பக்கத்துத் தோழியிடம் சொன்னாள்: "எங்க அத்தை சாமிக்கு வளக்குற சங்குப்பூவத்தான் அக்கா நான் தெனம் குடிக்கேன்."

போனில் படம் காட்டினாள். உயரமான கண்ணாடி டம்ளர். அடியில் நீலம், நடுவில் ஐஸ், மேலே பால்.

"சொட்டு நீலம் போட்ட தண்ணி மாதிரில்லா இருக்கு!"

"லாட்டேக்கா. பூவ வெந்நீல போட்டா நீலம் எறங்கிரும். சீனி, ஐஸ் போட்டு, மேல பால மெதுவா ஊத்தணும். அத்தை குளிக்கப் போற நேரத்துல நாலு பூ பறிச்சிருவேன்."

"பூ கொறையுறது அவுகளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுது. புறா தின்னுதுன்னு நெனச்சாவ. எங்க வீட்டுக்காரரு ஜன்னல் முழுக்க கம்பி வல ஜாலி அடிச்சாரு."

"மாட்டிக்கிட்டியா?"

"இல்லக்கா. ஜாலி போட்டும் பூ காணலன்னதும், சாமியே வந்து எடுத்துக்கிடுதாருன்னு சொல்லிட்டாவ. இப்பம் தெனம் பூந்தொட்டிக்குச் சூடம் காட்டுதாவ. பக்கத்து வீட்டு மராட்டிக்காரங்களும் வந்து கும்பிடுதாங்க."

தோழி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாவம்டி. இன்னையோட நிறுத்திரு."

"நிறுத்திப் பாத்தேன்க்கா. மூணு நாளு பூ எல்லாம் செடியிலயே இருந்துச்சு. சாமி கோவிச்சுக்கிட்டாரு, வீட்டுல யாரோ சுத்தமில்லன்னு சொல்லி என்னையவே பாத்தாவ. நாலாம் நாளு மறுபடியும் நாலு பூவப் பறிச்சு ஐஸ் வச்சிட்டேன்."