இரண்டு துறையும் தள்ளிவிட்ட பச்சைக் குடுவை

கையில் பேனாவோடு தலைமை தாங்கும் முதல்வர் அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் ஓய்வுபெற்ற ஆசான்களே, எங்களை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு வீட்டைத் தனியே ஆளும் தாய்மார்களே, கடைசியில் கதவோரம் நிற்கும், குடுவை கழுவும் அக்கா அவர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

துளி நீரில் துள்ளித் திரியும் யூக்ளினாவைப் போற்ற வந்திருக்கிறேன். உடலே ஓர் உயிரணுதான். வெயில் கிடைத்தால் இலையைப் போல் உணவு சமைக்கும். வால் போன்ற கசையிழையைச் சுழற்றி மீனைப் போல் நீந்தும். தாவரமா? விலங்கா? தலையைப் பிய்த்துக்கொண்ட அறிஞர்கள் எத்தனை பேர்? அதன் முன்னோர் இரை விழுங்கிகள். என்றோ விழுங்கிய பச்சைப் பாசியைச் செரிக்காமல் உள்ளேயே குடிவைத்தார்கள். அந்தப் பாசியே உணவு சமைக்கும் பசுங்கணிகமாயிற்று; அதைச் சுற்றி இன்றும் மூன்று உறைகள் சாட்சி சொல்கின்றன. தூக்க நோய் தரும் ஒட்டுண்ணிகூட அதற்குத் தூரத்துப் பங்காளி. சிரிக்கிறீர்கள், அப்படியொரு பங்காளி உங்கள் வீட்டிலும் உண்டு போலும். ஆகவேதான் அறிவியல் இன்று அதைச் செடியிலும் சேர்க்காமல், விலங்கிலும் சேர்க்காமல், தனிக் கிளை தந்து கொண்டாடுகிறது.

நாம் என்ன செய்தோம்? நம் கல்லூரியில் யூக்ளினாவைப் பன்னிரண்டு ஆண்டுகள் வளர்த்த குடுவை ஒன்று உண்டு. "நீந்துதுல்ல, உங்க அலமாரியில வைங்க" என்றேன், தாவரவியல் துறைத் தலைவனாகிய நான். "பச்சையா இருக்கு, நீங்களே வச்சுக்கங்க" என்றார் விலங்கியல் தலைவர். கடைசியில் சன்னலே இல்லாத சாமான் அறையில் வைத்தோம். சில வாரங்களில் வெளுத்துவிட்டது. "செத்துப்போச்சு, கொட்டிடுங்க" என்று சொன்னவனும் நானேதான்.

அக்கா கொட்டவில்லை. ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். "சார், பச்சைதான் போயிருக்கு, உயிரு போகல. சன்னல்ல வச்சுப் பாப்போமே" என்றார். நான்காம் நாள் பச்சை திரும்பியது. இருட்டில் அது குடுவையிலிருந்த சத்துநீரை உறிஞ்சிப் பிழைத்திருந்தது. வெட்கத்தில் குனிந்தேன், வியப்பில் நிமிர்ந்தேன்.

இந்த அக்காவுக்கு ஒன்பது ஆண்டுகளாகப் பணி நிரந்தரமில்லை. இரு துறைக் குடுவைகளையும் கழுவுவதால், "அவங்க அந்தத் துறை" என்று இருவருமே கைகாட்டினோம். வெள்ளிக்கிழமையோடு அவர் ஒப்பந்தம் முடிகிறது. கண்ணுக்குத் தெரியாத உயிருக்கு ஒரு கிளை தந்தோம். கண்ணெதிரே நிற்பவருக்குப் பணிப் பதிவேட்டில் ஒரு வரி இல்லையா? முதல்வர் அவர்களே, இதோ அவர் பணி நிரந்தரத்துக்கான தாள். எங்கள் துறை என்று கையெழுத்திட்டுவிட்டேன்.

என்ன, விலங்கியல் தலைவர் எழுகிறாரே? "இல்ல, அவங்க எங்க துறை" என்கிறார். நேற்றுவரை தள்ளிவிட்டோம், இன்று இழுபறியா? அக்கா ஏதோ சொல்கிறார், கேளுங்கள். "யார் துறைன்னு அப்புறம் பேசிக்கங்க சார். மொதல்ல என் பேரை எழுதச் சொல்லுங்க."

முதல்வர் பேனாவைத் திறந்துவிட்டார். இனி நான் பேசினால் அவர் கை நின்றுவிடும். நன்றி, வணக்கம்.